தலைகீழாய்ப் புதைத்த டீக்கன்

செயின்ட் ரோமானாவில் நேஸ் மேட்டிங்லியைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்தவர்களில் அவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசியவரும் கிடையாது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இக்னேஷியஸ். அந்தப் பெயரை முழுசாக உச்சரித்தவர் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ஒருவர்தான். ஊருக்கு அவர் கோதுமை லாரி. லாரி வரும் சத்தம் கேட்டால் தூசி வருமென்று ஜன்னலைச் சாத்துவார்கள். அதற்கு மேல் அவரைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

சுற்றுப்பட்டுப் பண்ணைகளில் விளையும் கோதுமையை ஏற்றிக்கொண்டு போய் கார்டினல் ரன் வடிசாலையில் கொட்டுவது அவர் பிழைப்பு. கென்டக்கி முழுக்க பர்பன் விஸ்கி காய்ச்சுகிறார்கள். எல்லாரும் பாதிக்கு மேல் மக்காச்சோளம் போட்டு, கூடக் கொஞ்சம் ரை தானியம் சேர்த்துக் காரம் ஏற்றுவார்கள். கார்டினல் ரன்காரர்கள் மட்டும் ரைக்குப் பதில் கோதுமை போட்டார்கள். தொண்டையில் எரிச்சல் இல்லாமல் மெத்தென்று இறங்கும். நேஸ் வாலிபனாக இருந்த காலத்தில் அந்த மெத்தென்ற சரக்கை ஒருவரும் சீந்தவில்லை. 'பல் போனவன் குடிக்கிறது' என்றார்கள். விற்காததை என்ன செய்வதென்று தெரியாமல், வடிசாலை கிறிஸ்துமஸ் தோறும் லாரிக்காரர்களுக்கு ஆளுக்கு இரண்டு பாட்டில் 'ஓல்ட் டீக்கன்' கொடுத்தது. 'ஒரு வான்கோழி கொடுத்தா கொறைஞ்சா போயிடுவாங்க' என்று முணுமுணுத்துக்கொண்டே லாரிக்காரர்கள் வாங்கிப் போனார்கள்.

நேஸ் பீர் குடிக்கிறவர். விஸ்கி என்றால் இஞ்சி சோடாவில் மூழ்கடித்து, விஸ்கி என்று தெரியாதபடி செய்துதான் குடிப்பார். டீக்கன் பாட்டில்கள் அவர் மனைவி ரோசெல்லாவிடம் போய்ச் சேர்ந்தன. ரோசெல்லா அதைப் பல்வலிக்கு வைத்தாள், ஈரச் சருகைக் கொளுத்த வைத்தாள், முக்கியமாக ஈஸ்டருக்கு உப்புப் போட்ட பன்றித்தொடையைச் சுடும்போது பழுப்புச் சர்க்கரையோடு கலந்து மேலே ஊற்ற வைத்தாள். பாட்டில்கள் இருந்த இடம் சமையலறைத் தொட்டிக்குக் கீழே, குழாய் அடைப்பு எடுக்கிற மருந்துக்குப் பின்னால்.

பிறகு உலகத்துக்குப் பைத்தியம் பிடித்தது. யார் ஆரம்பித்தார்களோ, கோதுமை பர்பன்தான் பர்பன், மற்றதெல்லாம் வெறும் சாராயம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கடை திறப்பதற்கு முந்தின நாளே மடக்கு நாற்காலி போட்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். கார்டினல் ரன்னில் குடோனைவிடப் பெரிய கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். சுற்றிக் காட்டுவதற்கு தோள்வார் கால்சட்டை போட்ட இளைஞர்களை வைத்தார்கள். வடிசாலையைத் தொடங்கிய தாத்தா கனவில் ஒரு கோதுமை வயலைக் கண்டார் என்று அவர்கள் கண்கலங்கச் சொன்னார்கள். அந்த வருஷம் ரை விலை ஏறிப்போனதால்தான் தாத்தா கோதுமை வாங்கினார் என்பது ஊருக்கே தெரியும். வாசல் கூடத்தில் கோதுமைக் கதிர்களை ஆளுயரத்துக்கு எண்ணெய்ச் சித்திரமாக வரைந்து மாட்டினார்கள். நிஜக் கோதுமையைக் கொண்டுவந்த நேஸிடம், வருகிறவர்கள் மேல் தூசி படுகிறது, இனி பின்வாசல் வழியாக வா என்று சொல்லிவிட்டார்கள். நேஸ் சரியென்று தலையாட்டிவிட்டுப் பின்வாசலுக்குப் போனார்.

அவருக்கு ஒரே மகள், கொரின். நேஸைக் கெட்ட தகப்பன் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டிலேயே இருந்தும் இல்லாத தகப்பன் என்று சொல்லலாம். அவள் முதல் நற்கருணை வாங்கிய அன்று அவர் தானியக் கிடங்கு வரிசையில் லாரிக்குள் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட நாடகத்தில் அவள் மரமாக நின்றபோது அறுவடை. அடுத்த வருஷம் அவளுக்கு வசனமே இருந்தது, அப்போதும் அறுவடை. சாயங்காலம் வந்து பூட்ஸைக் கழற்றாமலே டெலிவிஷன் முன்னால் தூங்கிப்போவார். அவள் அவர் தலைமுடியிலிருந்து கோதுமை உமியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து விளையாடுவாள். தகப்பனோடு அவள் விளையாடிய விளையாட்டு அது ஒன்றுதான், அதில் தகப்பன் முழித்திருக்கவில்லை.

அந்தக் கொரின் வளர்ந்து, லூயிவில் நகரத்தில் பல் சீர் செய்யும் டாக்டர் வின்ஸ்லோ ப்ரூயிட்டின் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டரின் மகன் பிரைஸுக்கு அவளைப் பிடித்துப் போனது. அவளுக்கும்தான். நிச்சயம் பேச டாக்டர் செயின்ட் ரோமானாவுக்குச் சாப்பிட வந்தார்.

டாக்டர் ப்ரூயிட் மனைவியைப் பிரிந்தவர். பாட்டில்கள்தான் காரணம் என்று பேச்சு. வீட்டுக்கு அடியில் குளிரூட்டிய அறை ஒன்று கட்டி, கோதுமை பர்பன்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி விளக்குப் போட்டிருந்தார். அவரும் அவரைப் போன்ற நாலைந்து பேரும் 'கோதுமைச் சபை' என்று ஒன்று வைத்து, ஒரே நிறத்தில் கையில்லாத கோட்டுப் போட்டுக்கொண்டு, கோப்பையில் மூக்கை விட்டு மணிக்கணக்காகப் பேசுவார்கள். எப்போதாவது குடிப்பார்கள்.

அன்று ரோசெல்லா ஈஸ்டருக்கு மட்டும் செய்கிற பன்றித்தொடையைச் சம்பந்தி வருகிறார் என்று செய்திருந்தாள். டாக்டர் ஒரு துண்டை முள்கரண்டியால் புரட்டிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க மிஸஸ் மேட்டிங்லி. உப்பு, ரத்த அழுத்தம். எனக்கு இதெல்லாம் ஒத்துக்கறதில்ல."

"அதனாலென்ன, சோளரொட்டி சாப்பிடுங்க" என்று ரோசெல்லா தட்டை எடுத்துப்போய் அந்தத் துண்டை நாய்க்குப் போட்டாள். தொட்டிப் பக்கம் திரும்பியவள், "ஏங்க, கால் நனையுது. அந்தக் குழாய் மறுபடியும் ஒழுகுது பாருங்க" என்றாள்.

நேஸ் விருந்தாளி முன்னாலேயே முழங்காலிட்டு, தொட்டிக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். வாளி. எலிப்பொறி. அடைப்பு மருந்து. அதற்குப் பின்னால் ஒரு பாட்டில்.

டாக்டரின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் ஈரத் தரையில், நல்ல கால்சட்டையோடு, நேஸுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார்.

"அசையாதீங்க சம்பந்தி" என்றார். அந்த நிமிஷம் வரை அவர் வாயில் 'மிஸ்டர் மேட்டிங்லி'தான் இருந்தது. "அசையாதீங்க. கையில என்ன வச்சிருக்கீங்கன்னு தெரியுமா உங்களுக்கு? பழைய டீக்கன். பிரிக்காத பழைய டீக்கன். இதை எதுக்கு இத்தனை நாள் வச்சிருந்தீங்க?"

உண்மையான பதில் ஒரு வார்த்தை, பன்றித்தொடை. நேஸ் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் நிமிர்ந்தபோது கதவோரம் கொரின் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதர் தன் தகப்பனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருப்பதை அவள் பார்க்கிறாள் என்று நேஸுக்குத் தோன்றியது.

"கொரின் பொறந்தப்போ எடுத்து வச்சது" என்றார். "அவ கல்யாணத்துக்கு."

ரோசெல்லாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள், மேஜை மேல் மினுமினுத்த பன்றித்தொடையைப் பார்த்தாள், பிறகு அவரைக்காயைக் கிண்ட ஆரம்பித்தாள். கொரினுக்குக் கண் நிறைந்து போனது.

பாட்டில் சேதி ஊரெல்லாம் பரவ, நேஸின் வாழ்க்கை அன்றோடு தலைகீழாக மாறிப்போனது. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத் தந்தை வாசலில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கோவில் திருவிழாக் குலுக்கலுக்கு ஒரு நல்ல பரிசு கிடைத்தால் கூரையையே மாற்றிவிடலாம் என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். வங்கி மேலாளர் கார் கண்ணாடியை இறக்கி, 'இக்னேஷியஸ், சௌக்கியமா' என்றார். அந்தப் பெயர் அவருக்கு எங்கிருந்து கிடைத்ததோ. கார்டினல் ரன்னில் நேஸை முன்வாசல் வழியாகவே அழைத்துப் போய், அந்தக் கோதுமைச் சித்திரத்துக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தார்கள். படம் எடுக்கும்முன் சட்டையைத் தட்டிக்கொள்ளச் சொன்னார்கள். தட்டியபோது கொஞ்சம் நிஜக் கோதுமை தரையில் உதிர்ந்தது. ஒரு பையன் ஓடிவந்து துடைத்தான்.

பொய்க்கும் நல்ல போஷாக்கு கிடைத்தது. முதலில், பாட்டிலை எடுத்து வைத்தார், அவ்வளவுதான். அப்புறம் பனியில் நடந்துபோய் வாங்கி வந்தார். அப்புறம் குழந்தையின் போர்வையிலேயே சுற்றி வைத்தார். எத்தனையோ கஷ்டத்திலும் பிரிக்க மனசு வரவில்லை. யார் கேட்டாலும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை நீண்டது. கடைசியில் அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். கொரின் பக்கத்தில் இருந்தால் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"போர்வையில சுத்துனதை நான் பாக்கவே இல்லையே" என்று ரோசெல்லா ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ பிரசவத்துல படுத்திருந்தே."

"ஓ. அப்ப அடைப்பு மருந்து அப்புறமா வந்து முன்னாடி உக்காந்துருச்சு போலிருக்கு."

நேஸ் வெளியே போய் லாரியைக் கழுவினார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

கல்யாண ஏற்பாடெல்லாம் டாக்டருடையது. இடம் அவருடைய நண்பரின் குதிரைப் பண்ணை. கூடாரம் அவருடையது, பூ அவருடையது, பாட்டுக்காரர்கள் அவர் பிடித்தவர்கள். ஊர்க் கல்யாணத்தில் பெரிய கொப்பரையில் மூன்று விதக் கறியும் காயும் போட்டுக் கரைய வேகவைத்துப் போடுவார்களே, அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தட்டில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஏதோ போடுவதாக இருந்தது. பெண்ணைப் பெற்றவர் என்று நேஸ் செய்வதற்கு மிஞ்சியது அந்தப் பாட்டில் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் அவர் விருந்தாளி.

ஒரு நாள் கொரின் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, சாப்பாட்டுக்கு முன்னாடி அப்பாவும் பொண்ணும் ஆடற டான்ஸ் ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு பாட்டு. ஆடுவீங்களா?"

"எனக்கு எங்கேம்மா ஆட வரும்? பூட்ஸைக் கழட்டினா நடக்கவே வராது." பிறகு கொஞ்சம் பெருமையாக, "அதான் பாட்டில் தரேனே. எல்லாரும் பாக்க நானே திறந்து உனக்கு மொதக் கோப்பை ஊத்தப்போறேன். அதைவிடவா டான்ஸ்?" என்றார்.

"சரிப்பா" என்று அவள் எழுந்து போனாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கப்போகிற இடத்தில், நிறைந்த பர்பன் பாட்டில் ஒன்றைத் தலைகீழாகப் புதைப்பார்கள். புதைத்தால் அன்று மழை வராது. கல்யாணம் முடிந்ததும் தோண்டி எடுத்துக் குடிப்பார்கள். எல்லாரும் கடையில் கிடைக்கிற மலிவான பாட்டிலாகப் பார்த்துப் புதைப்பார்கள், மழைக்கு என்ன தெரியும் என்று. நேஸ் டீக்கனைத்தான் புதைப்பேன் என்றார்.

டாக்டர் அன்று காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"சம்பந்தி, நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. ஒயின் பாட்டிலைத்தான் படுக்க வைக்கலாம். விஸ்கி கார்க்கு தாங்காது. அதுவும் இது எத்தனை வருஷத்துக் கார்க்கு. தலைகீழா வச்சீங்கன்னா ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்து, உள்ள ஒரு சொட்டு நிக்காது. வேற ஏதாவது பாட்டிலைப் புதைங்க, திருகு மூடி போட்டதா. டீக்கனை என்கிட்ட குடுங்க, விழா அன்னைக்குப் பக்குவமா நான் திறக்கறேன். நாலு வார்த்தை பேசி, கோதுமையோட வரலாறு சொல்லி…"

"யாரு திறக்கறீங்க?"

"நான்தான். அதுக்கு ஒரு முறை இருக்கு பாருங்க."

நேஸ் அதுவரை பாதி சம்மதத்தில் இருந்தார். அந்த 'நான்தான்' அவர் காதில் விழுந்ததோடு எல்லாம் கெட்டது.

"இது என் பொண்ணுக்கு நான் வச்சது. நான் புதைப்பேன், நான் எடுப்பேன், நான்தான் ஊத்துவேன்" என்றார்.

டாக்டர் போன பிறகு ரோசெல்லா, "அந்த மனுஷன் சொல்றது சரியா இருந்துட்டா?" என்றாள்.

"சரியாத்தான் இருக்கட்டும். அவரு எல்லாத்துலயும் சரி. அதுக்காக இதையும் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?"

சொன்னதைச் செய்தார். ஜூன் தொடக்கத்தில் ஒரு காலையில், ஓக் மரத்துக்கு முன்னால் குழி வெட்டி, எல்லாரும் பார்க்க டீக்கனைத் தலைகீழாக இறக்கி மண்ணைத் தள்ளினார். கோதுமைச் சபைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். சொந்தத் தகப்பனை அடக்கம் செய்த அன்றுகூட அவர்கள் முகம் அவ்வளவு வாடியிருக்காது.

டாக்டர் சும்மா இருப்பாரா. மரத்தில் ஒரு கேமராவைக் கட்டினார். சபைக்காரர்கள் எல்லாரும் கைபேசியில் நாள் முழுக்க அந்த ஒரு திட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண் ஒன்றும் செய்யவில்லை. ஒரு முறை வளைதோண்டும் கொழுத்த அணில் ஒன்று வந்து குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகம் கழுவியது. டாக்டர் ஒரு பையனின் பல்லுக்குப் பாதிக் கம்பி கட்டியிருந்தவர், அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்தார். அணில் அதற்குள் போய்விட்டது. அந்தப் பையனின் தாயார் இன்றைக்கும் டாக்டரைத் திட்டுகிறாள்.

மழை என்னவோ வரவில்லை. வேலை பார்க்கிற பாட்டில் என்றால் அப்படிப்பட்ட பாட்டில். ஒரு வாரம் ஊர் சந்தோஷமாக இருந்தது. கோதுமை அறுத்தவர்கள் காய்ந்த கதிரை வாரி வாரி ஏற்றினார்கள். பிறகு மக்காச்சோளக்காரர்கள் முகம் சுருங்கியது. இலை சுருண்டது. நேஸின் பக்கத்து நிலத்துக்காரர் டெல்மர் கிளெமென்ட்ஸ் லாரியை மறித்தே விட்டார்.

"டேய் நேஸ், உனக்கு என்னடா பாவம் பண்ணேன்? சோளம் பூ விடற நேரம். அந்தப் பாட்டிலைத் தோண்டி எடுத்துத் தொலைடா."

"பொண்ணு கல்யாணம்டா டெல்மர்."

"ஒரு நாள் கல்யாணத்துக்கு ஒரு மாசம் வானத்தை மூடுவியா? மலிவா ஏதாவது புதைச்சிருந்தா ஒரு தூறலாவது போட்டிருக்கும். பெரிய சரக்கைப் புதைச்சு வச்சிருக்கான், துரை."

திட்டினாலும் அதில் இருந்த மரியாதை நேஸுக்கு இனித்தது. வானத்தையே தன் பாட்டில் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்தி லாரி ஓட்டினார்.

கல்யாணத்தன்று ஒரு பொட்டு மேகம் இல்லை. காலையில் கோவிலில் பூசை முடிந்து, பண்ணையில் ஓக் மரத்தடியில் மறுபடியும் ஒருமுறை வாக்குறுதி சொல்லி, கைதட்டல் ஓய்ந்ததும், பிரைஸும் கொரினும் ரிப்பன் கட்டிய மண்வெட்டியால் தோண்டினார்கள். சபைக்காரர்கள் ஆளுக்கொரு கோப்பையோடு முன்வரிசையில் நின்றார்கள். பிரைஸ் குனிந்து பாட்டிலை எடுத்து மாமனார் கையில் கொடுத்தான்.

கையில் வாங்கியதுமே நேஸுக்குத் தெரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் எடை தூக்கியவர். பாட்டில் இறகாக இருந்தது. நிமிர்த்தினார். கழுத்திலிருந்து கார்க் பழுப்புத் தூளாக அவர் கோட்டு மேல் கொட்டியது. உள்ளே ஒன்றுமில்லை.

டாக்டர் 'அப்பவே சொன்னேன்' என்று சொல்வார் என்று நேஸ் காத்திருந்தார். சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். டாக்டர் அவரைப் பார்க்கவே இல்லை. குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக முழங்காலிட்டு, கையை உள்ளே விட்டு, ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இருக்கு" என்றார். "இன்னும் இருக்கு."

சபை முழுக்க வெள்ளைக் கால்சட்டையோடு குழியைச் சுற்றி இறங்கியது.

"தேன் வருது."

"ரொட்டி மேலோடு. நல்லா முறுகின ரொட்டி."

ஒருவர் நாக்கில் ஒரு சிட்டிகை வைத்துக் கண்ணை மூடினார். "கடைசில கொஞ்சம் சுண்ணாம்பு."

"அது மண்ணுய்யா" என்று பின்வரிசையிலிருந்து டெல்மர் சொன்னார்.

அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொண்டுவந்த கோப்பைகளில் ஆளாளுக்கு மண்ணை அள்ளி, உள்ளங்கையால் மூடி, ஆட்டி, முகர்ந்தார்கள். ஒரு மாதம் காய்ந்த மண்ணில் அடைப்பு மருந்தைப் புதைத்திருந்தாலும் அவர்களுக்குத் தேன் வாசம்தான் வந்திருக்கும். வந்திருந்த இருநூறு பேரும் அந்தக் குழியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் காலிப் பாட்டிலோடு தனியாக நின்றார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கூடாரத்துக்குப் பின்னால் லாரி நின்ற பக்கம் நடந்தார். அவருக்கு அழுகை வந்தது. ஒளிக்க எந்த வேலையும் கையில் இல்லாததால் வந்தபடியே விட்டார்.

கொரின் வெள்ளைக் கவுனை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். லாரிப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்குன்னு வச்சிருந்தேன்மா" என்றார் நேஸ். "அத்தனை வருஷமா. ஒரு முட்டாள்தனத்துல…"

"அப்பா. அந்தப் பாட்டில் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல ஒளிஞ்சு விளையாடறப்போ தொட்டிக்கு அடியிலதான் ஒளிவேன். போன ஈஸ்டருக்கு அம்மா அதுக்கு முந்தின பாட்டிலைத் திறக்கறப்போ நான்தான் சர்க்கரை கலந்தேன்."

நேஸ் பாட்டிலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அப்ப ஏன்மா அன்னைக்கு ஒண்ணும் சொல்லல?"

"எனக்குன்னு நீங்க ஏதோ வச்சிருந்தேன்னு சொன்னது அன்னைக்குத்தான்பா. பொய்தான். ஆனா கேக்க நல்லா இருந்துச்சு. அந்தப் போர்வைக் கதையை மறுபடி மறுபடி கேட்டேன்ல, அதுக்குத்தான்."

அவர் காலிப் பாட்டிலைக் காலடியில் வைத்தார். "உனக்குன்னு நான் ஒண்ணுமே எடுத்து வைக்கலம்மா" என்றார். பொய்யைச் சொன்னபோது நீண்டுகொண்டே போன கதை, இதில் ஒரு வரியோடு முடிந்தது.

"தெரியும்பா. எழுந்திரிங்க. ஒரு பாட்டு இருக்கு."

"அதான் அன்னைக்கே ஆட வராதுன்னு சொல்லிட்டேனே."

"பாட்டுக்காரங்ககிட்ட இருந்து அந்தப் பாட்டை நான் எடுக்கச் சொல்லல."

பாட்டு தொடங்கியபோது கூடாரத் துணியில் டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. பாட்டில் மண்ணை விட்டு வெளியே வந்து அரை மணி நேரம் ஆகவில்லை, மேற்கிலிருந்து கறுத்துக்கொண்டு வந்து ஒரு மாதத்து மழையும் மொத்தமாக இறங்கியது. குழியைச் சுற்றி நின்ற சபைக்காரர்கள் கோப்பையைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். டாக்டர் கோப்பையில் தண்ணீர் கலந்துவிட்டதா என்று தூக்கிப் பார்த்துக்கொண்டே ஓடியதால் ஒரு முறை வழுக்கி விழுந்தார். டெல்மர் கிளெமென்ட்ஸ் மட்டும் தொப்பியைக் கழற்றி, வழுக்கைத் தலையில் மழை விழ, திறந்தவெளியில் நின்றார்.

கூடாரத்துக்குள் வந்து சேர்ந்த டாக்டர், ரோசெல்லாவுக்குப் பக்கத்தில் முழங்கால்வரை சேறாக நின்று பெருமூச்சு விட்டார்.

"உலகத்துலயே கடைசிப் பாட்டில் இதுவாத்தான் இருந்திருக்கும் மிஸஸ் மேட்டிங்லி. நாக்குல ஒரு சொட்டு படலையே."

"ஒரு சொட்டென்ன, அரை பாட்டில் படவேண்டியது" என்றாள் ரோசெல்லா, ஆடுகிறவர்களிடமிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்கு உப்புன்னு ஒதுக்கி வச்சீங்களே பன்றித்தொடை. முந்தின பாட்டில்ல மிச்சம் இருந்ததை அதுமேலதான் ஊத்தியிருந்தேன்."

டாக்டரின் வாய் திறந்தபடி நின்றது. பல் வரிசை நன்றாக இருந்தது.

"நாய்க்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்றாள் ரோசெல்லா.

நடுவில் நேஸ் ஆடிக்கொண்டிருந்தார். அதை ஆட்டம் என்று மகளைத் தவிர யாரும் சொல்லமாட்டார்கள். கியர் மாற்றுவது போலத் தோளை அசைத்து, கழற்ற மறந்த பூட்ஸோடு ஒரு காலை முன்னால் வைத்தார், அது நேராக அவளுடைய வெள்ளைச் செருப்பு மேல் இறங்கியது. அவள் முகம் சுளிந்தது. அவர் பதறிப்போய் நின்றார்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது" என்றாள் கொரின், அவர் காதோரத்து நரைமுடியிலிருந்து ஒரு கோதுமை உமியை எடுத்துக்கொண்டே. "நிறுத்தாதீங்க."